டைப்ரைட்டரோடு டெல்லிக்கு

அன்று திருநெல்வேலி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், அம்மா, அக்கா, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் நல்லபெருமாள் சார், சைக்கிள் கேரியரில் மிஷினை வைத்துக் கட்டி உருட்டிக்கொண்டு வந்த பால்ராஜ். வருகிறேன் என்று சொன்ன அத்தான் வரவில்லை. மிஷினையும் ஆளாகக் கணக்கு வைத்தால் ஆறு. வைக்கத்தான் வேண்டும். அழுத அம்மாகூட நடுநடுவே அதைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். டைப் பரீட்சை மட்டும் டெல்லியில், பத்து நிமிடம். அழைப்புக் கடிதத்தின் கடைசி வரி, மிஷினை விண்ணப்பதாரரே கொண்டுவர வேண்டும் என்றது. பத்து நிமிடத்துக்காகப் பதினாறு கிலோவை மூன்று நாள் சுமக்க வேண்டும்.

“அங்க வாடகைக்குக் கெடைக்கும்பாங்க. வேண்டாம்டே,” என்றார் நல்லபெருமாள் சார். “ஒன் வெரலு இதுலயே பழகுனது. வேத்து மிஷின்ல ஒக்காந்தா பேந்தப் பேந்த முழிக்கும். இந்தா, ஒரு குப்பி மிஷின் எண்ணெய். எழுத்துக் கம்பியில ரெண்டு சொட்டு விட்டுக்கோ. வேலை கெடைச்சா மிஷினைத் திருப்பி அனுப்பு. கெடைக்கலைன்னா நீயே கொண்டாந்துரு.”

அவர் அந்த இரண்டாவதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பா தவறிய வருஷம் அது. பதினான்கு வயதில் இன்ஸ்டிடியூட்டில் மிஷின் துடைக்கச் சேர்ந்தேன். துடைக்கிற கை சும்மா இருக்குமா, தட்டியது. பதினேழு வயதில் ஒரு நாள் மத்தியானம், யாரும் இல்லாதபோது, ஒரு தாளில் மூன்று வரி அடித்தேன். ஒன்று, மெட்ரிக் பாஸ் செய்வது. இரண்டு, டைப்பில் இங்கிலீஷ் ஹையர் பாஸ் செய்வது. மூன்று, வயது வரம்பு தாண்டுவதற்குள் டெல்லியில் மத்திய அரசு வேலை. முதல் வரிக்கு மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. இரண்டாம் வரியில் முதல் வகுப்பு வாங்கினேன். மூன்றாம் வரிக்கு இதுதான் கடைசி. இந்த விண்ணப்பத்தைப் போட்ட மறுமாதமே என் வயது தாண்டிவிட்டது. இனி எந்த ஃபாரத்திலும் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

டிக்கெட் எடுத்த கதையையும் வழியில் வந்த ஊர்களையும் விட்டுவிடுகிறேன். மெட்ராஸில் வண்டி மாறியபோது மிஷின் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒரு போர்ட்டர், “என்னா சார், கைக்கொழந்தையா?” என்றார் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் அக்கா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தேன். மிஷின் எண்ணெய் மணந்தது. குப்பியின் மூடி கழன்று, பையில் இருந்த சோறு, துண்டு, ஒரு சட்டை எல்லாவற்றிலும் எண்ணெய். குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. சோற்றை ஜன்னல் வழியாகப் போட்டேன்.

எதிர் சீட்டில் சிவகாசிக்காரப் பெண் ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் இருக்கும் புருஷனோடு குடித்தனம் வைக்க முதல்முறையாக டெல்லி போகிறவர். என் பசியைப் பார்த்து நாலு இட்லி கொடுத்தார். பொடி தடவிய இட்லி. அப்படி ஒரு ருசியை நான் பிறகு பார்க்கவில்லை.

“பெட்டியில என்ன தம்பி? விடிஞ்சதுலருந்து அதையே பாக்கீங்க?”

சொன்னேன். சொன்னதும் திறந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. திறந்தேன். என்ஜின் கரித்தூள் உள்ளே இறங்கி, எழுத்துக் கம்பிகளின் மேல் மை தடவியதுபோல் படிந்திருந்தது. தள்ளிப் பார்த்தேன், தாளை நகர்த்தும் கேரேஜ் கிறீச் என்றது.

“எண்ணெய் கொட்டிப்போச்சுக்கா. என்ன செய்யன்னே தெரியல.”

“எண்ணெய்தான? நான் எட்டுக் குப்பி கொண்டு போறேன். அங்க கடுகெண்ணெயாம். தலையில வச்சா ஊறுகா சாடி கணக்கா மணக்குமாம்.” துணிப்பையில் இருந்து ஒரு குப்பித் தேங்காயெண்ணெயை எடுத்து நீட்டினார்.

நல்லபெருமாள் சார் பார்த்தால் வைவார்தான். ஆனால் மழைக்காலத்தில் மிஷின் எண்ணெய் தீர்ந்துபோனால் அவரே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு ஓட்டியிருக்கிறார். நான் பார்த்திருக்கிறேன். வெளியே நல்ல வெயில். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, ஒவ்வொரு கம்பியாக, நாற்பத்து நான்கு கம்பிக்கும் விட்டேன். போதுமா என்று சந்தேகம் வந்தது. இன்னொரு சுற்று விட்டேன். பிறகு கேரேஜ் தண்டவாளத்துக்கு. மிஷின் பூனைக்குட்டிபோல் அடங்கி ஓடியது. பயணம் முழுக்க எனக்கு நிம்மதியாக இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

மூன்றாம் நாள் காலையில் டெல்லி. குளிர் என்றால் குற்றாலத்துச் சாரல் என்று நினைத்து வந்தவன் நான். வாயைத் திறந்தால் புகை வந்தது. எனக்குள் என்னவோ தீப்பிடித்ததுபோல் பயந்து வாயை மூடிக்கொண்டேன். இரண்டு சட்டை போட்டிருந்தேன், ஒன்று எண்ணெய் பட்டது. டெல்லியில் ஆட்டோவை ஸ்கூட்டர் என்கிறார்கள். ஸ்கூட்டர் என்றால் பின்னால் உட்கார்ந்து மிஷினை எப்படிப் பிடிப்பது என்று நான் அரைமணி நேரம் அதில் ஏறாமல் நின்றது வேறு.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் தங்கினேன். அக்காவோடு படித்த ராஜம் அக்கா அங்கே ஆஸ்பத்திரி நர்ஸ். அவர் கணவர் தங்கதுரை அண்ணாச்சி அரசாங்கத்தில் யு.டி.சி., அதாவது மேல்நிலைக் குமாஸ்தா. நாசரேத் பக்கத்துக்காரர்கள். பதினைந்து வருஷமாக டெல்லியில் இருந்தும் அண்ணாச்சியின் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது, நடுநடுவே இந்தி முளைத்திருந்தது.

“வாடே மாரி. அச்சா, இதுதான் மிஷினா? ஏ ராஜம், ஜல்தி டீ போடு, பய வெறைச்சுப் போய் நிக்கான்.” தன் ஆபீஸ் ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து என் தலைவழியாக மாட்டிவிட்டார். அது முழங்கால்வரை வந்தது.

“குளிச்சிட்டு வா. தலைக்கு எண்ணெய் வேணும்னா வெந்நிச் சொம்புல போட்டு வச்சிருக்கேன்,” என்றார் ராஜம் அக்கா.

வெந்நீரில் ஒரு குப்பி மிதந்தது. உள்ளே பாதி வெள்ளை, மெழுகுவர்த்தி மாதிரி. என்ன இது என்று கேட்டேன். “தேங்காண்ணதான். இங்க குளிருக்கு ஒறைஞ்சிரும். வெந்நியில போட்டாத்தான் எறங்கும்.” எங்கள் ஊரில் மார்கழி விடியலில் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். இப்படிக் கட்டியாகி நான் பார்த்ததில்லை. வேடிக்கையாக இருந்தது. சிரித்தேன். உருகிய எண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டு குளித்தேன்.

மத்தியானம் சிவப்புப் பயறுக் குழம்பும் சப்பாத்தியும். முள்ளங்கியைப் பச்சையாக நறுக்கி உப்புப் போட்டு வைத்திருந்தார்கள். சோறு ராத்திரிதான். எதைத் தின்றாலும் பரீட்சையன்று வயிறு கெட்டுவிடுமோ என்று பயம். நான்கு சப்பாத்திக்குப் பதில் இரண்டோடு எழுந்தேன்.

“ஏன்டே, ராஜம் சமையல் பிடிக்கலையா? எனக்கும்தான் பிடிக்கல. பதினஞ்சு வருஷமா தின்னுட்டுத்தான இருக்கேன்,” என்றார் அண்ணாச்சி.

“ஆமா, வாரத்துக்கு ஒரு நாள் நீரு சமைச்சுப் பாரும், அப்பம் தெரியும்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான்காம் நாள் நான் மட்டும் பரீட்சை இடத்தை முன்கூட்டிப் பார்த்துவரப் போனேன். பஸ்ஸில் எங்கே இறங்க வேண்டும் என்று ஒரு சீட்டில் இந்தியில் எழுதிக் கொடுத்திருந்தார் அண்ணாச்சி. கண்டக்டர் அதை வாங்கிப் படித்து, தலையை ஆட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பக் கேட்க எனக்குப் பாஷை இல்லை. மூன்று நிறுத்தம் தள்ளி இறக்கிவிட்டார். நடந்தே போனேன். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், ஆளே இல்லை. எங்கள் ஊரில் இத்தனை அகலத்தில் ஒரு தெருவே குடியிருக்கும். அலுவலகத்தின் கேட், அதையொட்டி ஒரு டீக்கடை, பின்னால் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. அங்கேதான் பரீட்சை என்று வாட்ச்மேன் சைகை காட்டினார். வீட்டிலிருந்து எத்தனை நிமிடம் என்று மூன்று விதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

சாயங்காலம் மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். கம்பிகள் கொஞ்சம் சோம்பலாக எழுந்தன. வண்டி குலுக்கலில் ஏதாவது வளைந்திருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல் விறைக்கிறது என்று அண்ணாச்சி சுருள் ஹீட்டரைக் கொண்டுவந்து மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார். கால்மணி நேரம் அடித்தேன். கம்பிகள் சுறுசுறுப்பாகிவிட்டன. ஓட ஓடச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

படுக்குமுன் வீட்டு ஜெபம். அண்ணாச்சி என் தலையில் ஒரு கை, மிஷின் பெட்டியின் மேல் ஒரு கை வைத்தார். “கர்த்தாவே, இந்தப் பிள்ளையாண்டானையும் இந்த மிஷினையும் ஒப்புக்கொடுக்கோம். இவன் விரல் தவறினாலும் அது தவறாதிருப்பதாக.” ராஜம் அக்கா கண்ணை மூடியபடியே, “வெரலும் தவற வேண்டாம்னு சேத்துச் சொல்லும்,” என்றார்.

ஐந்தாம் நாள். வெளியே வெள்ளையாகப் பனி. அண்ணாச்சி என்னையும் மிஷினையும் ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டு ஆபீஸுக்குப் போனார். முந்தைய நாள் பார்த்த ரோடு எதுவுமே தெரியவில்லை. வேறெங்கோ கொண்டுபோகிறான் என்று நான் பதறிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் அந்தக் கேட்டில் நிறுத்தினார்.

கொட்டகைக்குள் எங்கள் பேட்ச் நாற்பது பேர். பெரும்பாலோர் வாடகை மிஷின்காரர்கள். தகரக் கூரைக்குக் கீழே வெளியைவிடக் குளிர். மப்ளர் கட்டிய ஒரு பெரியவர் மேற்பார்வை. பெஞ்சில் மிஷினை வைத்துத் தாளைச் சொருகினேன். மணி அடித்தது.

முதல் வார்த்தையின் முதல் எழுத்தைத் தட்டினேன். கம்பி எழுந்தது, தாளைத் தொட்டது, அங்கேயே நின்றது. கையால் கீழே தள்ளினேன். அடுத்தது எழவே இல்லை. அழுத்தி அடித்தேன், பாதி தூரம் போய்த் தூக்கம் வந்ததுபோல் நின்றது. இரண்டு கம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிரித்தேன். விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. முகர்ந்தேன்.

தேங்காயெண்ணெய்.

என்னைச் சுற்றி முப்பத்தொன்பது மிஷின் மழைபோல் ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் காலையில் அந்தக் குப்பியை வெந்நீருக்குள் பார்த்தேனே. கையில் எடுத்துச் சிரித்தேனே. வயிறு, வண்டி, பஸ், சீட்டு, விரல் விறைப்பு என்று ஆயிரத்துக்குக் கவலைப்பட்டவன், இதற்கு மட்டும் கவலைப்படவில்லை. ஊதினேன். உள்ளங்கையால் தேய்த்தேன். மணி அடித்தபோது தாளில் பதினொரு வார்த்தை இருந்தது.

மப்ளர் பெரியவர் வந்து நின்றார். நான் எழுந்து, “சார், ஐ பெக் டு ஸ்டேட்,” என்று ஆரம்பித்தேன். ஆயிரம் கடிதம் டைப் அடித்த எனக்கு வேறு இங்கிலீஷ் ஆரம்பம் தெரியாது. மிஷினைக் காட்டினேன், எண்ணெயைக் காட்டினேன், மேலே சொல்ல வரவில்லை. அவர் என் ஸ்வெட்டரைப் பார்த்தார். எந்த ஊரிலிருந்து என்று இங்கிலீஷில் கேட்டார். சொன்னேன். “இதைத் தூக்கிக்கொண்டா?” என்றார். பிறகு மெதுவாக, “மிஷினைச் சரிசெய்து கொண்டு வா. இரண்டு மணிக்கு இன்னொரு பேட்ச் இருக்கிறது. உட்காரவைக்கிறேன்,” என்றார். கையிலிருந்த பட்டியலின் கடைசியில் பென்சிலால் என் நம்பரை எழுதினார்.

ஓடினேன். பதினாறு கிலோவோடு ஓடினேன். நேரே டீக்கடைக்கு.

டீக்கடைக்காரர் இமயமலைப் பக்கத்து ஆள். கரோல்பாக்கில் ஒரு தமிழ் மெஸ்ஸில் பத்து வருஷம் பாத்திரம் கழுவியவர் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும், “க்யா ஹுவா தம்பி? மிஷின் செத்துப் போச்சா?” என்றார். தமிழைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எண்ணெய் ஒறைஞ்சு போச்சு அண்ணே. தேங்காயெண்ணெய்.”

“தேங்கா எண்ணெய்? மிஷினுக்கா?” பெஞ்சில் இருந்த இரண்டு பியூன்களிடம் திரும்பி இந்தியில் சொன்னார். அவர்கள் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. “மத்ராஸி மிஷின் பையா, இட்லி கேக்கும், சாம்பார் கேக்கும். ஜனவரியிலே இங்க தேங்கா எண்ணெய் கல்லு! வா, குந்து. அடுப்புப் பக்கம் வை.”

கரி அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி மிஷினை வைத்தோம். நான் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன், குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதுபோல. எண்ணெய் இளகிச் சொட்டத் தொடங்கியது. பிறகு தூரத்துச் சுவரோரம் கொண்டுபோனேன். கரி பற்றவைக்க வைத்திருந்த மண்ணெண்ணெயில் அரைக் குப்பி கொடுத்தார். ஸ்வெட்டரைக் கழற்றி, உள்சட்டையை உரித்து, அதைக் கிழித்துக் கம்பி கம்பியாகக் கழுவித் துடைத்தேன். குளிர் தெரியவில்லை. பதினான்கு வயதிலிருந்து செய்த வேலை அது. ஒரு மணிக்கு மிஷின் சலசல என்று ஓடியது. பியூன்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

டீயும் மட்டி என்கிற உப்புப் பலகாரமும் தந்தார். பையில் கை விட்டேன்.

“இப்ப வேணாம்,” என்றார். “பாஸ் பண்ணிட்டு வா. அப்பறம் குடு. சந்தோசமா வாங்குவேன்.”

இரண்டு மணி பேட்ச்சில் கடைசி பெஞ்சு. மணி அடித்தது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் நினைவில்லை. விரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வரி முடிந்து கேரேஜ் திரும்பும்போது மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. அவ்வளவுதான் தெரியும். பத்து நிமிடம் முடிந்து பார்த்தால், கொடுத்த பகுதியை முழுக்க அடித்து, மறுபடி முதலிலிருந்து ஒரு பாரா அடித்திருந்தேன். எத்தனை தடவை படித்தும் பிழை ஒன்றுதான் கண்ணில் பட்டது. என் ஆயுளில் நான் அடித்த நல்ல தாள் அது.

தாள்களை வாங்க வேறொரு அதிகாரி வந்திருந்தார். கோட்டு, கண்ணாடி. பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பென்சில் நம்பரில் நின்றார். காலையில் எழுதியவர்களின் தாள் கட்டை எடுத்துவரச் சொன்னார். என் பதினொரு வார்த்தைத் தாள் அதில் இருந்தது.

மப்ளர் பெரியவரும் அவரும் இந்தியில் பேசிக்கொண்டார்கள். பெரியவர் இரண்டு தடவை என்னைக் கை காட்டினார். ஒரு தடவை மிஷினை. பிறகு பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். அதிகாரி என்னிடம் இங்கிலீஷில், குரலை உயர்த்தாமல், “ஒருவருக்கு ஒரு வாய்ப்பு. மிஷின் கோளாறு விண்ணப்பதாரரின் பொறுப்பு. கடிதத்திலேயே இருக்கிறது,” என்றார்.

“சார், ஐ பெக்…”

“இதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்,” என்று மத்தியானத் தாளை என்னிடம் கொடுத்தார். அவர் கோபக்காரர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

பெரியவர் என் தோளைத் தொட்டார். பிறகு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

ராஜம் அக்கா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மிஷினைக் கையில் வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி அன்றே மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதினார். நான்தான் அதை டைப் அடித்தேன், அழகாக அடித்தேன். ஊருக்கு வந்து ஆறு வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது.

இப்போதும் அதே இன்ஸ்டிடியூட்டில்தான் இருக்கிறேன். சொல்லிக்கொடுக்கிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் விண்ணப்பம் கொண்டுவந்து, “சார், இந்தக் கட்டத்துல என்ன எழுதணும்?” என்று கேட்கிறார்கள். காட்டிக்கொடுக்கிறேன். மூன்று வரி அடித்த தாளை என்ன செய்தாய் என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். என்ன செய்ய? முதல் இரண்டு வரியை வைத்துக்கொண்டு மூன்றாவதைக் கிழிக்க முடியுமா?

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். அன்று கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது, முன் கேட்டில் டீக்கடைக்காரர் அடுப்பைவிட்டு எழுந்து நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பாஸ் பண்ணிட்டு வா என்றவரிடம் பணத்தை மட்டும் எப்படி நீட்டுவது? மிஷினைத் தூக்கிக்கொண்டு பின் கேட் வழியாகப் போய்விட்டேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இனி டெல்லிக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. மூன்று டீ ஒன்றரை ரூபாய், இரண்டு மட்டி ஒரு ரூபாய், மண்ணெண்ணெய் இரண்டு ரூபாய். அவருக்கு நான் தரவேண்டியது நாலரை ரூபாய்.